தொண்டை கட்டிய குமுதவல்லி

அண்ணாச்சி, உங்க சார்ஜரைக் கொஞ்சம் குடுங்க. முனை மெலிசா தடிப்பா? மெலிசா? அப்ப எனக்கும் சேரும். போனு செத்துப் போச்சு. இல்ல இல்ல, யாருக்கும் பேசணும்னு இல்ல. பேச வேண்டியவனுக்கெல்லாம் காலையிலயே பேசியாச்சு. அப்படிப் பேசித்தான் சார்ஜு போச்சு. உள்ள ஒரு பதிவு இருக்கு. என் வீட்டுக்காரி பாடி வச்ச பதிவு. அத நான் இன்னும் கேக்கல. கேக்காம கையும் ஓடல காலும் ஓடல.

அவதான் உள்ள இருக்கா. வடிவம்மாள்னு பேரு, வடிவுன்னு கூப்பிடுவோம். தொண்டையில கட்டி. குரல்வளையவே எடுக்கப் போறாவ. எடுத்தா உசுரு நிக்கும், குரல் போயிரும், எடுக்கலன்னா ரெண்டுமே நிக்காதுன்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாவ. கழுத்துல ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விடணுமாம். இனிமே ஒரு வார்த்தை வாயில இருந்து வராது. வெத்தலை கூடப் போட மாட்டா அண்ணாச்சி, அவளுக்குப் போயி இப்படி. உங்களுக்கு யாரு உள்ள? தம்பியா? வாயிலயா? அட முருகா. சரியாப் போகும், கவலைப்படாதிய. நம்ம கையில என்ன இருக்கு.

என்னையப் பாத்த மாதிரி இருக்கா? இல்லியா? கோயில்பட்டிப் பக்கம் வந்ததே இல்லியா? அதான். அந்தப் பக்கம் மில்லு குத்தாலிங்கம்னு கேட்டாத் தெரியும். மில்லுல டைம் ஆபீசு வேலை, ஆளு வரவு எழுதுதது, இப்ப ஓய்வு. ஆனா ஊருக்கு நம்மளத் தெரியது நாடகத்துலதான். மில்லுல மனமகிழ் மன்றம்னு ஒண்ணு உண்டு, கேரம் போர்டும் ஒரு ஆர்மோனியமும் கெடக்கும். அங்கன நாங்க ஒரு கூட்டம் சேந்து வருசா வருசம் ஆயுத பூஜைக்கு நாடகம் போடுவோம். ஸ்டோர்ல இருக்கவன், எலெக்ட்ரீசியன், கேன்டீன்காரர், எல்லாரும் நடிப்பாவ. வேலை முடிஞ்சு பஞ்சுத் தூசியோட வந்து வசனம் பாடம் பண்ணுவாவ. எழுதுறது, மெட்டுப் போடுறது, சொல்லிக் குடுக்கது, எல்லாம் நான். கதாநாயகனும் நான்தான். சிரிக்காதிய. வயச விடுங்க, பவுடர் எதுக்கு இருக்கு?

எல்லாரும் நாடகம் போடுதான். நாம போட்டது இசை நாடகம். பாதி வசனம், பாதி பாட்டு. காதலும் சிரிப்பும்தான் நம்ம சரக்கு. அழுகை கெடையாது. நாள் முழுக்க மெசினுக்கு முன்னால நின்னுட்டு வாரவனுக்கு எதுக்கய்யா அழுகை?

அதுல ஒரு சங்கடம். பொம்பளை வேசத்துக்கு ஆளு இல்ல. மில்லுக்காரன் எவன் பொண்டாட்டியையோ மகளையோ மேடை ஏத்துவான்? மதுரைல இருந்து புஷ்பகலான்னு ஒரு பிள்ளை வரும். முகம் லட்சணமா இருக்கும், வசனமும் சொல்லும். பாடச் சொன்னா மட்டும் சுருதிக்கும் அதுக்கும் ஜென்மப் பகை. அதுக்கு நான் ஒரு வழி பண்ணி வச்சிருந்தேன். புஷ்பகலா மேடையில நின்னு வாயை அசைக்கும். வடிவு பக்கத் திரைக்கு உள்ள ஸ்டூலைப் போட்டு உக்காந்து மைக்ல பாடுவா. அவளுக்குப் பக்கத்துல ஆசீர்வாதம் ஆர்மோனியத்தோட இருப்பாரு. அவரு சர்ச்சுல வாசிக்கவரு, விரலு சுத்தம். வெளிய இருந்து பாத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. புஷ்பகலாதான் பாடுதுன்னு நினைச்சு எத்தனை பேரு மாலை போட்டிருக்கான் தெரியுமா? அதுவும் தலையக் குனிஞ்சு வாங்கிக்கிடும்.

வடிவு கொரலு எப்படி இருக்கும்னா… என்னன்னு சொல்ல. நான் அவளப் பொண்ணு பாக்கப் போனப்ப ஒரு பாட்டுப் பாடுனா. நிறம் என்ன, நகை என்ன, எதையும் பாக்கல நான். எழுந்திரிச்சு வெளிய வந்து எங்கய்யாகிட்ட, இவளத்தான் கட்டுவேன், வேற எவளையும் காட்டாதிய அப்படின்னுட்டேன். அந்தக் கொரலுக்குத்தான் வாக்கப்பட்டேன்னு வச்சுக்கிடுங்களேன். அதனாலதான் சொல்லுதேன், பயமா இருக்கு அண்ணாச்சி. ஊருக்காரன்கிட்ட சொல்ல மாட்டேன், உங்ககிட்ட சொல்லுதேன். அவ சத்தம் இல்லாத வீட்டுக்குள்ள எப்படிப் போயி இருக்கப் போறேன்னு தெரியல.

நோட்டீசுல அவ பேரு போட மாட்டேன். வீட்டுப் பொம்பளை பேரு செவுத்துல ஒட்டிக் கெடக்க வேண்டாம்னுதான். ஒரு வருசம் அவளாவே கேட்டா, "இந்தாருங்க, ஒரே ஒரு பாட்டு நான் வெளிய வந்து நின்னு பாடட்டுமா?"ன்னு. "ஏட்டி, நீ வெளிய வந்தா புஷ்பகலா எங்க போயி நிக்க?"ன்னேன். சிரிச்சா. அப்புறம் கேக்கல. அவளுக்கும் அதுல ஆசை ஒண்ணும் இல்ல, சும்மா விளையாட்டுக்குக் கேட்டது.

சரி, விசயத்துக்கு வாரேன். போன வருசம் நான் எழுதுனது 'குடைக்காரன் காதல்'. இருக்கதுலயே அதுதான் உசந்தது. ஒரு ஜமீன் பிள்ளை, குடை ரிப்பேர்காரன் வேசம் போட்டுத் தெருத் தெருவா வாரான். மாடியில குமுதவல்லி. மழை பெய்யுது. இவன் கீழ நின்னு பாட, அவ மேல இருந்து பதில் பாடுவா. கடைசிப் பாட்டு இருக்கே, அதுதான் உசுரு. "குடைக்காரன் வந்தேனே குமுதவல்லி, உன் கோபத்தைத் தைப்பேனே குமுதவல்லி"ன்னு நான் பாடணும். அவ "மாட்டேன்… மாட்டேன்… வரமாட்டேன், உன் மடக்குக் குடைக்குள் நுழையமாட்டேன்"னு பாடுவா. நான் விட மாட்டேன். அவ மறுபடியும் மாட்டேன்பா. நான் முட்டி போட்டுக் குடையை விரிச்சு நீட்டுவேன். ஒரு நிமிசம் சத்தமே இருக்காது. அப்புறம் சின்னதா, மேல் சுருதியில, "சம்மதம்"பா. அவ்வளவுதான். சனம் உருகிரும். பொம்பளை மாட்டேன் மாட்டேன்னா, கடைசியில சம்மதம்னு வரும். காதல் கதைன்னா அதுதான கணக்கு?

அப்பத்தான் வடிவுக்குத் தொண்டை கட்டுச்சு. சித்திரையில ஆரம்பிச்சுது. வெயிலுக்கு ஐஸ் தண்ணி குடிச்சிருப்பான்னு நினைச்சேன். ஆடி வந்தும் சரியாகல. சித்தரத்தையும் பனங்கல்கண்டும் போட்டுக் கசாயம் வச்சுக் குடுத்தேன். நான்தான் வச்சேன், வேற யாரு? மிளகுப் பாலு, அதிமதுரம், எதையும் விடல. அவ கொரலுக்காக நான் படாத பாடு இல்ல. நம்ம ஊரு டாக்டரு வாயத் தொறக்கச் சொல்லி லைட் அடிச்சுப் பாத்துட்டு, "இது இங்க பாக்க முடியாது, உள்ள குழாய் விட்டுப் பாக்கணும், மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. போவோம்னுதான் சொன்னேன். போக மாட்டேன்னா சொன்னேன்? ஆயுத பூஜை முடியட்டும்னேன். ஒத்திகை பாதியில நிக்கி, புஷ்பகலாவுக்கு அட்வான்சு குடுத்தாச்சு. ஆபீசுலயே இருந்தவனுக்கு எது முன்ன எது பின்னன்னு தெரியாதா?

சுருதியை இறக்கிப் பாத்தேன். அஞ்சு கட்டையில பாடுனவள நாலுக்குக் கொண்டு வந்தேன். அப்பவும் மேல போனா கொரலு கிழிஞ்சுது. ஒரு நாள் ஒத்திகையில "மாட்டேன்"னு எடுத்தா பாருங்க, பாதி மாட்டேன் பாட்டா வந்துது, மீதி காத்தா வந்துது. கேன்டீன்காரரு குபீர்னு சிரிச்சுட்டாரு. எலெக்ட்ரீசியன் சிரிச்சான். எல்லாரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்காவ. ஆசீர்வாதம் மட்டும் ஆர்மோனியக் கட்டையில கைய வச்சவாக்குல உக்காந்திருந்தாரு. எனக்கு அந்த இடத்துலதான் பொறி தட்டுச்சு அண்ணாச்சி. இதையே வச்சுக்கிட்டா என்ன?

அன்னைக்கே மாத்தி எழுதுனேன். குமுதவல்லி மழையில நனைஞ்சு தொண்டை கட்டிக் கெடக்கா. ஜமீன்ல வைத்தியன் மேல வைத்தியனா வாரான். ஒவ்வொருத்தனும் ஒரு மருந்து குடுக்கான், ஒவ்வொரு மருந்துக்கும் கொரலு இன்னும் மோசமாகுது. கடைசியில குடைக்காரன் காதலச் சொன்னாத்தான் கொரலு தெளியும். பாத்தியளா? இருந்த குறையக் கதையாக்கிட்டேன். எவன் செய்வான்? "நீ ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம் வடிவு, இப்ப இருக்க கொரலுலயே பாடு, எவ்வளவு மோசமா வருதோ அவ்வளவு நல்லது"ன்னேன். கடைசி 'சம்மதம்' மட்டும் சுத்தமா வரணும், அத மட்டும் பாத்துக்கிடுன்னேன். என்னையவே பாத்துட்டு இருந்தா. "சரி"ன்னா.

ஆயுத பூஜை அன்னைக்கு நீங்க இருந்திருக்கணும். அடடா. குமுதவல்லி முதல் அடி எடுத்ததும் கூட்டம் ஒரு நிமிசம் முழிச்சுது, அப்புறம் சிரிச்சுது பாருங்க, தகரக் கொட்டகையே ஆடிப் போச்சு. ஒவ்வொரு "மாட்டேன்"னுக்கும் விசிலு. மேனேஜரு சேர்ல இருந்து வழுகி விழாத குறை. இத்தனை வருசத்துல அப்படி ஒரு சிரிப்பு நான் வாங்குனது இல்ல. 'சம்மதம்' மட்டும், எங்கிருந்து எடுத்தாளோ, கண்ணாடி கணக்கா வந்துது. கிழவனெல்லாம் கண்ணத் தொடைக்கான். திரை விழுந்ததும் உள்ள ஓடி வந்து, "ஏட்டி, ஜெயிச்சுட்டோம்"னேன். அவ மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பி இருந்துது. "ரொம்பச் சிரிச்சாவ என்னா"ன்னா. "பின்ன!"ன்னேன்.

அப்புறம் விட்டானா? பக்கத்து மில்லு சங்கத்துல கூப்பிட்டான். ஒரு கோயில் கொடைத் திருவிழாவுல கூப்பிட்டான். எல்லாரும் தொண்டை கட்டுன குமுதவல்லியத்தான் கேக்கான். மதுரைக்கு எங்க போக? அவளும் ஒரு வார்த்தை நச்சரிக்கல, அதையும் சொல்லணும்லா. சோத்த மட்டும் கரைச்சுக் குடிச்சா. முழுங்க வலிக்குன்னா. கொடையில பாடிட்டு வந்து, "இந்தாருங்க, நான் மேல பாட மாட்டேன், வேற ஆளப் பாருங்க"ன்னா. பாட்டுக்காரின்னா அப்படித்தான் சொல்லுவா, நாலு பேரு கெஞ்சணும். கெஞ்சுனேன். ஏன்னா, மாவட்டப் போட்டி வருது.

அது சாதாரணப் போட்டி இல்ல. மாவட்டத்துல உள்ள அமெச்சூர் குழுவெல்லாம் வரும். சுழல் கோப்பை. நானும் மீசை கறுப்பா இருந்த காலத்துல இருந்து போறேன், ஒரு தடவை கூட அந்தக் கோப்பையத் தொட்டது இல்ல. பேங்க்காரனும் வாத்தியார்மாரும் மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போயிருவான். மில்லுக்காரனுக்கு என்ன நாடகம் தெரியும்னு ஒரு எளக்காரம். இந்தத் தடவை கோப்பை எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். நடுவர்மாரு முன் வரிசையில. சாயங்காலம் நாலு மணிக்கு நம்மளது.

எப்படிப் போச்சுன்னு நினைக்கிய? தங்கமாப் போச்சு. சிரிச்சு முடியல சனத்துக்கு. கடைசிக் காட்சிக்கு முன்னால நான் வேர்வையத் தொடைக்க உள்ள வந்தேன். ஆசீர்வாதம் என் கையப் பிடிச்சாரு. வடிவு மடியில ஒரு துண்டு கெடந்துது, அத விரிச்சுக் காட்டுனாரு. செவப்பா இருந்துது. "குத்தாலம், இருமுனா ரத்தம் வருதுய்யா. திரையப் போடச் சொல்லும்"னாரு. நான் வடிவப் பாத்தேன். அவ என்னையப் பாத்தா. "ஒரே பாட்டு. அதுவும் ரெண்டு நிமிசம். முடிஞ்ச உடனே வண்டி வச்சு ஆசுபத்திரி போறோம்"னேன். நடுவர்மாரு பேனாவ எடுத்துட்டான் அண்ணாச்சி. அந்த நேரத்துல எவன் திரையப் போடுவான்? நீங்களே சொல்லுங்க. நீங்களா இருந்தா போடுவியளா?

சரி, சொல்ல வேண்டாம்.

மேடைக்குப் போனேன். "குடைக்காரன் வந்தேனே"ன்னு எடுத்தேன். மாட்டேன் வந்துது. சிரிப்பு. மறுபடியும் மாட்டேன். அதுக்கும் சிரிப்பு. முட்டி போட்டேன், குடைய விரிச்சு நீட்டுனேன். அந்த ஒரு நிமிசம் சத்தம் இல்லாம இருக்கும்னேம்லா, இருந்துது. 'சம்மதம்' வரணும். வரல. புஷ்பகலா வாயத் தொறந்துட்டு நிக்கி. நான் முட்டியில நிக்கேன். ஆர்மோனியச் சத்தமும் நின்னு போச்சு. ஆசீர்வாதம் கைய எடுத்துட்டாரு, வேணும்னே எடுத்துட்டாரு. பக்கத் திரை இடுக்கு வழியாப் பாக்கேன், இவ மைக்கக் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் மடியில வச்சு உக்காந்திருக்கா. எங்கிட்டுப் பாத்து? என்னையப் பாத்து. பாடணும்னு ஒரு சாடை கூட இல்ல.

பின்னால ஒருத்தன் ஊளை விட்டான். நான் என்ன செய்ய? நானே பொம்பளைக் கொரலு எடுத்து "சம்மதம்"னு பாடிட்டேன். குடையையும் நானே பிடிச்சுக்கிட்டு, சம்மதமும் நானே சொல்லிக்கிட்டேன். கூட்டம் சிரிச்சுது. ஆனா அது வேற சிரிப்பு அண்ணாச்சி. நாடகத்தப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இல்ல, என்னையப் பாத்துச் சிரிச்சது. கோப்பையும் போச்சு, மானமும் போச்சு. ஆறுதல் பரிசுன்னு ஒரு எவர்சில்வர் தட்டக் குடுத்தான். இன்னும் பரண்ல கெடக்கு.

ஆசுபத்திரியா? வண்டிக்கு ஏற்பாடு பண்ணியிருந்தேன், பொய் சொல்லல. ஆனா நாடகம் முடிஞ்சப்ப ரத்தம் நின்னு போச்சு, வடிவும் எழுந்திரிச்சு ஸ்டூல மடக்கி வச்சுட்டு நிக்கா. எனக்குக் கோவம்னா கோவம், தலைக்கு ஏறிட்டு. அந்த ஒரு வார்த்தை, அதச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவகிட்ட ஒரு வார்த்தை கடுசாப் பேசுனது இல்ல நான். அன்னைக்கும் பேசல. பேசவே இல்லங்கேன். வீட்டுக்கு வந்தோம். நான் பேசல. மறுநாளும் பேசல. அவளா வந்து, தப்புதான், மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லட்டும்னு இருந்தேன்.

அவளும் பேசல.

திமிரப் பாத்தியளான்னு நினைச்சேன். காப்பி போட்டா டம்ளரத் தரையில டொக்குனு வைப்பா, அதுதான் கூப்பாடு. சோறு எடுத்து வச்சுட்டுக் கதவுல தட்டுவா. பக்கத்து வீட்டம்மா வந்தாலும் தலையத்தான் ஆட்டுதா. நான் சாய்வு நாற்காலியில கெடந்துக்கிட்டு, ஆடு, ஆடு, எத்தனை நாளைக்கு ஆடுதன்னு பாக்கேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிடுவேன். யாரு முதல்ல வாயத் தொறக்காவன்னு எங்களுக்குள்ள ஒரு போட்டி. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. பொங்கலுக்கு ஓசூர்ல இருந்து மக வந்தா, செண்பகம். வந்து அரை மணி நேரம் ஆகல, அடுப்படியில இருந்து ஓடி வந்து என் சட்டையப் பிடிக்காத குறை. "எப்பா, அம்மாவுக்குச் சத்தமே வரலியேப்பா! எத்தனை நாளா இப்படி?"ன்னு கேக்கா.

எனக்கு எப்படித் தெரியும்? அவ பேசலன்னு தெரியும். பேச முடியலன்னு யாரு சொன்னா? ஒரு சாடை காட்டியிருக்கலாம்லா? தொண்டையத் தொட்டுக் காட்டியிருந்தா எனக்குப் புரியாமயா போயிரும்? மக அன்னையில இருந்து என்கூட முகம் குடுத்துப் பேசுறது இல்ல. அந்தா, மருந்துக் கடை வரிசையில நிக்கா பாருங்க, நீலச் சுடிதாரு. நம்ம பக்கம் திரும்புதாளா? திரும்ப மாட்டா. அம்மைக்குத் தப்பாத பிடிவாதம்.

ஆசீர்வாதமும் அப்படித்தான். நேத்து இங்க வந்திருந்தாரு. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. எனக்கு ஒரு வணக்கம், அவ்வளவுதான். அன்னைக்கு ஆர்மோனியத்துல இருந்து கைய எடுத்த மனுசன், நியாயமாப் பாத்தா நான்தான் அவர்கூடப் பேசாம இருக்கணும்.

இங்க வந்து சேந்ததும் மருந்து ஏத்துனாவ. வீக்கம் கொஞ்சம் வத்தி, கிழிஞ்ச கொரலு ஒண்ணு திரும்பி வந்துது. "அம்மா, ஆபரேஷனுக்கு முன்னால நாலு நாள் இருக்கு, பேச வேண்டியத மெதுவாப் பேசிக்கிடுங்க"ன்னு டாக்டரு சொன்னாவ. எனக்கு உடனே தோணுனது பாட்டுத்தான். வேற என்ன தோணும்? குடைக்காரன் பாட்டு எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுட்டா அவ கொரலு எங்கயும் போகாதுலா? இந்த வருசம் ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கர்ல போட்டு விட்டா, புஷ்பகலா பழையபடி வாயசைக்கும். வடிவும் முன் வரிசையில உக்காந்து தன் கொரலத் தானே கேக்கலாம். வெளிய வரணும்னு ஆசைப்பட்டாள்லா, அதுவும் தீந்த மாதிரி ஆச்சு. நான் நல்லதுக்குத்தான் நினைச்சேன் அண்ணாச்சி. என் போனக் குடுத்து எந்தப் பொத்தான அமுக்கணும்னு காட்டிக் குடுத்தேன்.

இங்க ஒரு பொண்ணு வேலை பாக்கு, கொரலு போனவங்களுக்குப் பேச்சுப் பழக்கித் தாரது. அது வந்து, "அம்மா, தினசரி உங்களுக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் உங்க குரல்லயே சொல்லிப் பதிஞ்சு வச்சுக்கோங்க, பொறவு பொத்தான அமுக்கினா அது பேசும்"னுச்சு. நான் அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேன், "தண்ணி குடுன்னு கேக்க அவ கொரலு எதுக்கும்மா? அதுக்குக் கையக் காட்டுனாப் போதும். பாட்டுக்குத்தான் கொரலு வேணும்"னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போச்சு. சின்னப் பிள்ளை, கலையப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?

நேத்து மத்தியானம் வடிவு, "நீங்க போயி சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க"ன்னா. புரிஞ்சுக்கிட்டேன், கூச்சப்படுதா. போயிட்டு வந்து, "பாடிட்டியா?"ன்னேன். போனத் தூக்கிக் காட்டுனா. அப்பவே கேப்போம்னு கைய நீட்டுனேன், தரல. உள்ள கொண்டு போனப்புறம் கேளுங்கன்னு சாடை காட்டுனா. அப்பவே மனசு குளுந்து போச்சு. அவளுக்கும் அந்தக் கடைசிச் 'சம்மதம்' உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டுத்தான இருந்திருக்கும்? அன்னைக்கு விட்டத இன்னைக்குக் குடுத்துட்டுப் போறான்னு நினைச்சேன். காலையில ஸ்ட்ரெச்சர்ல படுத்தப்ப என் உள்ளங்கையில போன வச்சு விரல மடக்கி விட்டா. நான் அழுதுட்டேன் அண்ணாச்சி. சொல்லுததுக்கு என்ன வெக்கம்.

இந்தா, போனுக்கு உசுரு வந்துட்டு. கொஞ்சம் கிட்ட வாங்க. நீங்களும் கேளுங்க, இப்படி ஒரு கொரல நீங்க கேட்டிருக்க மாட்டிய. சத்தத்தக் கூட்டுதேன்.

"தண்ணி வேணும்."

இதென்ன? ஓ, அந்தப் பிள்ளை சொன்ன வேலை. சரி, முதல்ல அது இருக்கும், பின்னால பாட்டு வரும்.

"ஃபேனக் கொறைங்க. செண்பகம், சாப்பிட்டியாம்மா? பாலு ஒரு பாக்கெட் போதும். யாரு வந்திருக்கா? கதவத் தொறங்க, நான்தான்."

எப்படி இருக்கு பாருங்க. கிழிஞ்சு கெடக்கு, ஆனா அவதான். கதவத் தொறங்க, நான்தான்… அப்படித்தான் சொல்லுவா, ரேசன் கடையில இருந்து வந்தா. பாட்டு வரும், இருங்க.

"வலிக்கு. எனக்குப் பிடிக்கல. போதும், நிறுத்துங்க."

யாரச் சொல்லுதா? நர்சத்தான் இருக்கும். அங்கன ஊசி போடுத பிள்ளை ரொம்ப முரடு.

"மாட்டேன்."

ஆங்! இதுதான், இதுதான் பாட்டு. கேட்டியளா? மெட்டு இல்லாமச் சொல்லுதா. மூச்சு பத்தியிருக்காது, அதான் வசனமாவே சொல்லுதா. பரவாயில்ல, மெட்ட ஆசீர்வாதம் பின்னால சேத்துக்கிடுவாரு.

"மாட்டேன். மாட்டேன்."

ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல பாத்தியளா? நான் சொல்லிக் குடுத்தது. ஒரே வார்த்தைய நாலு விதமாச் சொல்லத் தெரியணும், அதுதான் நடிப்புன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

"நான் பாட மாட்டேன்."

இது பாட்டுல இல்லியே. 'வரமாட்டேன்'லா எழுதியிருக்கேன். மாத்திச் சொல்லிட்டா. மருந்து மயக்கம்.

"மாட்டேன்."

இது… இது உசந்தது. கேட்டியளா, சத்தமே போடல, ஆனா அந்தக் கோடிச் செவுருல கேக்கும். முப்பது வருசமா இப்படி ஒரு மாட்டேன் அவகிட்ட இருந்து நான் வாங்குனது இல்ல.

இருங்க. இப்ப 'சம்மதம்' வரும். ஒரு நிமிசம் சத்தம் இருக்காது, அதுக்கப்புறம் வரும். அப்படித்தான் எழுதியிருக்கேன். இருங்க.

நின்னுட்டே. சார்ஜு இருக்கே. அடுத்தது ஒண்ணும் இல்லியே. அண்ணாச்சி, இது பழைய போனு, எழுத்து சரியாத் தெரிய மாட்டேங்கு, கொஞ்சம் பாருங்களேன், கீழ எதும் இருக்கா? இல்லியா? நல்லாப் பாருங்க. மறந்திருக்க மாட்டா. அவ ஒரு அடி கூட மறந்தது இல்ல.

மறுபடியும் போடுதேன். முதல்ல இருந்து வேண்டாம், இங்க இருந்து.

"மாட்டேன்."

ஏன் அண்ணாச்சி, எங்கயோ பாக்கிய? சிரிப்பு வரலியா உங்களுக்கு? இந்த இடத்துலதான் எல்லாரும் சிரிப்பாவ.